பை-டூ சூப்பும் பிரின்சிபால் மேடத்தின் ஆப்பிளும்

எங்கள் பெங்களூரில் காபியை பை-டூ சொல்லாதவன் வெளியூர்க்காரனாக இருப்பான், இல்லையென்றால் என்னைப்போல அந்தஸ்துக்குப் பயந்தவனாக இருப்பான். ஒரு காபி, இரண்டு டம்ளர். ஒரு சூப், இரண்டு கிண்ணம். ஆளுக்குப் பாதி. இதில் கஞ்சத்தனம் ஒன்றும் இல்லை, தனியாகக் குடிக்க மனசில்லை என்று அர்த்தம். இன்றைக்கு நான் இப்படிப் பெரிய மனுஷன் மாதிரி எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷமாக அந்த வார்த்தை காதில் விழுந்தாலே எனக்கு உடம்பு கூசிக்கொண்டிருந்தது. என் மனைவி சாக்கம்மா அதைச் சொல்லாத ஓட்டல் கிடையாது.

சாக்கு என்றால் எங்கள் கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். நாகமங்கலம் பக்கத்தில் வரிசையாக ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தவளுக்கு அவள் அப்பா கோபத்தில் வைத்த பெயர். நாலாம் வகுப்போடு படிப்பும் போதுமென்று நிறுத்திவிட்டார்கள். குரலைத்தான் யாராலும் நிறுத்த முடியவில்லை. கெங்கேரியில் நாங்கள் வீடு கட்டிப் போன புதிதில் ஆழ்துளைக் கிணறு வற்றிப்போய் இரண்டு வருஷம் லாரித் தண்ணீர்தான். லாரிக்காரன் காசுள்ள வீட்டு வாசலில் மட்டும் நிறுத்துவான். ஒரு நாள் சாக்கம்மா தெருமுனையில் லாரிக்குக் குறுக்கே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் பத்துக் குடம் என்று அவளே எண்ணி விட்டாள். இன்றைக்கும் எங்கள் தெருவில் அவளுக்கு டேங்கர் சாக்கம்மா என்றுதான் பெயர். என்னை யாராவது தேடி வந்தால் டேங்கர் சாக்கம்மா வீடு எது என்று கேட்டுத்தான் வரவேண்டும். அதுவும் எனக்குப் பிடிக்காது.

நான் நிங்கராஜு. ஒரு தனியார் இன்ஜினீயரிங் கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து இரண்டு வருஷம் முன்பு ஓய்வு பெற்றவன். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை கல்லூரி ஆண்டு விழாவுக்குச் சாக்கம்மாவைக் கூட்டிப் போனேன். காபி கொண்டுவந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் மனைவிக்கு வருவதற்குள் தட்டு காலியாகிவிட்டது. சாக்கம்மா தன் காபியில் பாதியைச் சாஸரில் ஊற்றி அந்த அம்மாளிடம் நீட்டி, எச்சில் பண்ணவில்லை, பை-டூ பண்ணிக்கொள்ளலாம் என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அந்த அம்மாள் சாஸரைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இங்கிலீஷில் ஏதோ சொல்லி நகர்ந்து உட்கார்ந்தாள். சாக்கம்மா தோளைக் குலுக்கிவிட்டு சாஸர் காபியைத் தானே குடித்தாள். அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. அவமானம் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் விழாவுக்கு மனைவி எங்கே என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றேன். அதற்கு அடுத்த வருஷமும் உடம்பு சரியில்லை. பொய்க்குக் கால் முளைத்து அது தானாக நடக்க ஆரம்பித்துவிட்டது. வசுந்தரா ராவ் மேடம் பிரின்சிபாலாக வந்தபோது, நிங்கராஜுவின் மனைவி தீராத நோயாளி என்பது கல்லூரியே அறிந்த சங்கதி. மேடம் தங்கமான மனுஷி. தீபாவளிக்குத் தீபாவளி ஒரு பெட்டி ஆப்பிள் கொடுத்து, "உங்க மனைவிக்கு" என்பார். பதினாலு வருஷம் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் வாங்கி வந்து வீட்டில் வைப்பேன். தீபாவளிக்கு எல்லா ஊரிலும் இனிப்புக் கொடுக்கிறார்கள், உங்கள் காலேஜில் மட்டும் ஏன் ஆப்பிள் என்று சாக்கம்மா கேட்பாள். அது அங்கே பழக்கம் என்பேன். அவள் ஒரு கடி கடித்தபடியே தலையாட்டிக்கொள்வாள்.

இப்போது ஓட்டலுக்கு வருகிறேன்.

புனேயில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ரச்சனா, போன ஜூன் மாதம் எங்கள் கல்யாண நாளுக்கு ஜெயநகரில் ஒரு புதுமாதிரி ஓட்டலில் சாப்பிடக் கூப்பன் அனுப்பினாள். பெயர் ஹித்தலு. ஹித்தலு என்றால் கொல்லைப்புறம். கொல்லைப்புறத்தில் யாராவது விருந்து வைப்பார்களா என்று சாக்கம்மா மெட்ரோவில் வரும்போதே சிரித்தாள். உள்ளே மர பெஞ்சு, தகரத் தட்டு, சுவரெல்லாம் கிறுக்கல் படம். ராகிக் களியை நெல்லிக்காய் அளவுக்கு உருட்டித் தாய்லாந்துக் குழம்பில் மிதக்கவிட்டிருந்தார்கள். அரிசி ரொட்டியை மடித்து அதற்குள் மெக்ஸிகோ பீன்ஸ். சாக்கம்மா எல்லாவற்றையும் ஆசையாகத்தான் பார்த்தாள். மெனு அட்டையில் பஸ்ஸாறு சூப் என்று இருப்பதை நான் படித்துச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பஸ்ஸாறு எங்கள் வீட்டில் திங்கட்கிழமைதோறும் உண்டு. கீரையும் பருப்பும் வேகவைத்த தண்ணீரை வடித்து, அந்தத் தண்ணீரில் வைக்கிற சாறு.

பரிமாற வந்தவள் ஹேமாவதி. நாற்பது வயதிருக்கும், ஹாசன் பக்கத்துப் பேச்சு. சாக்கம்மா அவளிடம் சூப் பை-டூ என்றாள். இங்கே பை-டூ கிடையாது அக்கா என்று ஹேமாவதி மெதுவாகச் சொன்னாள். பெங்களூரில் இருந்துகொண்டு பை-டூ இல்லையென்றால் எப்படி, கிண்ணம் இல்லையென்றால் சொல், நான் வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன் என்று சாக்கம்மா குரலை உயர்த்தினாள். பக்கத்து மேஜையில் இரண்டு பேர் திரும்பினார்கள். அதில் ஒருவர் வசுந்தரா ராவ் மேடம்.

சாக்கம்மா அதற்குள் கை கழுவ எழுந்து போய்விட்டாள். மேடம் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையசைத்து எழுந்து வந்தார். கேட்ட முதல் கேள்வியே, மனைவி உடம்பு எப்படி இருக்கிறது என்பதுதான். தூரத்தில் சாக்கம்மா, கை நீட்டினால் தானாகத் தண்ணீர் விடும் குழாயோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவளைவிட ஆரோக்கியமான பெண்பிள்ளை அன்று அந்த ஓட்டலில் இல்லை. அவளைக் காட்டி, இவள்தான் அந்த நோயாளி என்று எப்படிச் சொல்வது? இத்தனை வருஷம் சொன்ன பொய் ஆயிற்றே.

"புனேல மகள் வீட்ல இருக்கா மேடம். அங்கதான் வைத்தியம் நடக்குது" என்றேன்.

"அப்ப உங்ககூட வந்தவங்க?"

"வீட்ல சமையலுக்கு இருக்கறவங்க."

சொல்லிவிட்டேன். அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது. மேடத்தின் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. வீட்டில் சமைக்கிறவர்களைத் தனக்கு எதிரே சரிசமமாக உட்காரவைத்துச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும், உங்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது நிங்கராஜு என்றார். நான் அடக்கமாகத் தலைகுனிந்து அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன். ஆப்பிள் வாங்கிய கைதானே. ஹேமாவதி கையில் ஆர்டர் புத்தகத்தோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

சாக்கம்மா மேடத்திடம் பேச்சுக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. சூப் வந்து அவள் இரண்டு கரண்டி குடிப்பதற்குள் வயிற்றை வலிக்கிறது என்று எழுந்துவிட்டேன். மெட்ரோ வரைக்கும் அவள் என் கையைப் பிடித்தே கூட்டி வந்தாள். வீட்டுக்கு வந்ததும் சீரகக் கஷாயம். அதற்குப் பிறகு இரண்டு நாள் வெறும் கஞ்சி. பசியில் உயிர் போயிற்று. கேட்க வாய் ஏது? வெந்நீர்ப் பையை என் வயிற்றில் வைத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு அந்த சூப் மனசைவிட்டுப் போகவில்லை. இரண்டு கரண்டியிலேயே குற்றம் கண்டுபிடித்திருந்தாள். கீரையை வடித்துத் தண்ணீரைத் தனியாக எடுத்துவிட்டு, அப்புறம் அந்தக் கீரையையே அரைத்து மறுபடி அதில் கலந்திருக்கிறார்கள், கலக்கப்போகிறவர்கள் எதற்காக வடித்தார்கள் என்று காய்கறி வண்டிக்காரன் முதல் பக்கத்து வீட்டு மார்வாடிப் பெண் வரைக்கும் எல்லாரிடமும் கேட்டாள். அந்த ஓட்டலுக்கு மறுபடி போய்ச் சமையல் பண்ணுகிறவனிடம் நேரில் சொல்லவேண்டும் என்றாள். நான் மழை என்றேன், மெட்ரோவில் கூட்டம் என்றேன், ஓட்டலையே மூடிவிட்டார்கள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவள் ரச்சனாவுக்குப் போன் போட்டு, திறந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். நீங்கள் வராவிட்டால் நானே போகிறேன் என்று ஒரு நாள் செருப்பை மாட்டினாள். தனியாக விட்டால் ஹேமாவதி என்ன சொல்வாளோ. செப்டம்பரில் ஒரு புதன்கிழமை மத்தியானம் அவளுக்கு முன்னால் நான் ஓடினேன்.

போகிற வழியெல்லாம் ஒரே ஒரு பிரார்த்தனைதான். அந்தப் பெண் வேலையை விட்டுப் போயிருக்க வேண்டும். ஒருத்தியின் பிழைப்பு போகட்டும் என்று சாமியைக் கேட்டுக்கொண்டவன் நான். இதையும் எழுதிவிடுகிறேன்.

கதவைத் திறந்ததே ஹேமாவதிதான். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள், சாக்கம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். உட்காரவைத்த கையோடு மெனு அட்டையை விரித்து ஒரு இடத்தில் விரல் வைத்தாள். பஸ்ஸாறு சூப், பை-டூ உண்டு என்று புதிதாக அச்சடித்திருந்தது. அன்றைக்கு நீங்கள் கேட்டதை முதலாளியிடம் சொன்னேன், இப்போது தினமும் கேட்கிறார்கள் என்றாள். சாக்கம்மா அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தாள். என்னைப் பார்த்து ஒரு வெற்றிச் சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால் தேவலை என்று இருந்தது எனக்கு.

ஹேமாவதி போகவில்லை. "வீட்டம்மாவுக்கு உடம்பு இப்ப தேவலையா அக்கா?" என்றாள்.

"எந்த வீட்டம்மா?"

"சாரோட வீட்டம்மா. ரொம்ப வருஷமா முடியாம இருக்காங்க, புனேல வைத்தியம்னு சார் அன்னிக்கு அந்த மேடம்கிட்ட சொன்னாரே. நீங்க கை கழுவப் போயிருந்தீங்க."

சாக்கம்மா என் பக்கம் திரும்பினாள். நான் மெனு அட்டையைப் படித்தேன். ஒரு எழுத்துகூட மண்டையில் ஏறவில்லை.

"ஆப்பிள்" என்றாள் சாக்கம்மா, மெதுவாக.

ஹேமாவதிக்குப் புரியவில்லை. அவள் மனசில் இருந்ததை அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவளுடைய அம்மா இதே ஜெயநகரில் ஒரு வீட்டில் இருபது வருஷம் சமையல் செய்துவிட்டு இப்போது ஊரோடு போய்விட்டவளாம். அவளுக்குத் தனித் தட்டு. எல்லாரும் சாப்பிட்ட பிறகு சமையலறைக் குழாயடியில் உட்கார்ந்துதான் சாப்பிடவேண்டும். அந்த வீட்டு நாற்காலி எதிலும் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. "நீங்க சாருக்கு எதிர்ல உக்காந்து, சத்தமா பை-டூ கேட்டதப் பாத்ததும் எனக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா. அன்னிக்கே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அழுதுட்டாங்க. அப்படியும் மனுஷங்க இருக்காங்களான்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க."

சாக்கம்மா இப்போது கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். லாரியையே நிறுத்தியவள். அவள் ஹேமாவதியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"ஆமாம்மா, நல்லவருதான். முப்பத்தொரு வருஷமா அந்த வீட்லதான் இருக்கேன். ஒரு வேளைச் சாப்பாடு குறைச்சதில்ல."

ஹேமாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு தடவை கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். உண்மையைச் சொல்ல எனக்கு அங்கே நேரம் இருந்தது, வாயும் இருந்தது. இவள் என் மனைவியம்மா என்று மூன்று வார்த்தை. ஹாசன் பக்கத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவின் சந்தோஷத்தை ஏன் கெடுக்கவேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். பொய்க்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது.

சூப் இரண்டு கிண்ணத்தில் வந்தது. சாக்கம்மா குடித்தாள், இன்னும் வடித்ததைக் கலந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்றாள். ஹேமாவதி அவளைச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். உள்ளேயிருந்து அரை மணி நேரம் அவள் குரலும், பாத்திரச் சத்தமும், யார் யாரோ சிரிப்பதும் கேட்டது. நான் ஆறிப்போன பாதி சூப்போடு தனியாக உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது ஹேமாவதி ஓடி வந்து ஒரு அட்டைப்பெட்டியைச் சாக்கம்மாவிடம் கொடுத்தாள். நாலு போளி, வீட்டம்மா புனேயிலிருந்து வந்ததும் கொடுங்கள், நான் கொடுத்ததாகச் சொல்லுங்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்து சாக்கம்மா அந்தப் பெட்டியை ஃபிரிட்ஜில் வைத்தாள். சண்டை எதுவும் போடவில்லை. சமைத்தாள். எனக்குத் தட்டு வைத்துவிட்டு, "சார், சாப்பாடு ஆச்சு" என்றாள். அதோடு அவள் எனக்கு எதிரே உட்காரவில்லை. நான் சாப்பிட்டு எழுந்த பிறகு சமையலறைக் குழாயடியில், தரையில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். மேஜைக்கு வா என்று கூப்பிட்டேன். "இருக்கட்டும் சார், இங்கயே பழகிடுச்சு" என்றாள். மறுநாளும் அதே. அதற்கு மறுநாள் போளி கெட்டுவிடுமே, சாப்பிடேன் என்றேன். அது வீட்டம்மாவுக்குக் கொடுத்தது, அவங்க வரட்டும் என்றாள்.

மூன்று நாள் அப்படிப் போயிற்று.  என்னை மன்னித்துவிடு என்று குழாயடிக்கே போய்ச் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்கு எதுக்குச் சொல்றீங்க? நான் யாருன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள். 

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மேடத்துக்குப் போன் போட்டேன். சமையலறையில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேடம் எடுத்ததும் சௌக்கியமா என்றேன். மழை எப்படி என்றேன். அவருடைய முழங்கால் வலியை விசாரித்தேன். இன்னும் கொஞ்சம் போனால் வானிலை அறிக்கை முழுவதையும் சொல்லி முடித்திருப்பேன். மேடமே கேட்டார், அன்றைக்கு உங்களோடு வந்த அந்தச் சமையல்கார அம்மா எப்படி இருக்கிறார்கள், இன்னும் உங்கள் வீட்டில்தானே இருக்கிறார்கள் என்று. உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது.

"அவ என் மனைவி மேடம்" என்றேன். "அவளுக்கு எந்த நோயும் கிடையாது. ஒரு நாளும் இருந்ததில்ல. நான்தான் வெக்கப்பட்டுக்கிட்டு அப்படிச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

 "அப்ப பதினாலு வருஷம் ஆப்பிள் யாருக்குப் போச்சு நிங்கராஜு?" என்றார் மேடம்.

"அவளுக்குத்தான் மேடம். எதுக்குன்னு தெரியாமயே சாப்பிட்டா."

போனை அவரிடம் கொடுங்கள் என்றார் மேடம். கல்லூரியில் ஃபைலை வைத்துவிட்டு வெளியே போ என்பதற்கு அந்தக் குரலைத்தான் வைத்திருந்தார்.  சமையலறைக்குப் போய் நீட்டினேன். சாக்கம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"நமஸ்காரம்மா. நான் சாக்கம்மா" என்றாள்.

அந்தக் கல்லூரியைச் சேர்ந்த ஒருத்தர் காதில் அவள் பெயர் விழுந்தது அதுதான் முதல் தடவை. அவள் தன் வழக்கமான பெரிய குரலிலேயே பேசினாள். பிரசவத்துக்குத் தவிர ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை என்றாள். ஆப்பிள் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்குக் கொய்யாதான் பிடிக்கும் என்றாள். பஸ்ஸாறு வைக்கிற முறையைச் சொன்னாள். பேசிக்கொண்டே ஒரு கையால் ஃபிரிட்ஜைத் திறந்து அந்த அட்டைப்பெட்டியை எடுத்தாள். சில்லென்றிருந்த போளியை அப்படியே ஒரு கடி கடித்தாள். எனக்கு மூச்சு வந்தது.

அப்போது மேடம் என்னைப்பற்றி ஏதோ கேட்டிருக்க வேண்டும். சாக்கம்மா மெல்லுவதை நிறுத்திவிட்டு, கதவோரம் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆமாம்மா, நல்லவருதான். முப்பத்தொரு வருஷமா அந்த வீட்லதான் இருக்கேன். ஒரு வேளைச் சாப்பாடு குறைச்சதில்ல" என்றாள்.

ஹேமாவதியிடம் சொன்னதிலிருந்து ஒரு எழுத்து மாறவில்லை.